துண்டு மடிக்கும் கை: சில குறிப்புகள்

2010இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு ரோபோவுக்குத் துண்டு மடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். செய்தவர்கள் பேராசிரியர் பீட்டர் அபீலும் அவருடைய மாணவர்களும். ரோபோவின் பெயர் பிஆர்2. இரண்டு கை, கீழே சக்கரம், தலையில் கேமராக்கள். குவித்துப் போட்ட துண்டுகளில் ஒன்றைத் தூக்கும். முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். ஒரு முனை தென்பட்டால் மறு கையால் பற்றும். மறுபடி திருப்பும். இரண்டு முனையும் கைக்கு வந்த பிறகு மேசையில் விரித்து மடித்து அடுக்கி, மேலே ஒரு தட்டுத் தட்டி நீவிவிடும். 50 துண்டு கொடுத்தார்கள், 50ஐயும் மடித்தது. ஒரு துண்டுக்குச் சராசரி 1,478 நொடி, ஏறக்குறைய 25 நிமிடம். உலகம் பார்த்து வியந்த வீடியோவை 50 மடங்கு வேகத்தில் ஓட்டியிருந்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் இங்கே ‘எந்திரன்’ வெளியானது. அதில் வரும் ரோபோ சிட்டி சமைத்தது, சண்டை போட்டது, பிரசவம் பார்த்தது, காதலித்தது. சிட்டியைத் துணி மடிக்கச் சொல்லாமல் விட்டது இயக்குநர் ஷங்கருக்கு நல்லதாகப் போயிற்று.

*

பிஆர்2வின் விலை 4 லட்சம் டாலர். செய்தது வில்லோ கராஜ் என்ற ஆராய்ச்சி நிறுவனம். 11 ஆய்வுக்கூடங்களுக்கு ரோபோவை இலவசமாகவே கொடுத்துப் பார்த்தது. சில ஆண்டுகளில் நிறுவனம் மூடப்பட்டது. அது பொதுவில் விட்டுப்போன ஆர்ஓஎஸ் என்ற மென்பொருள் மட்டும் இன்று உலகெங்கும் ரோபோ செய்யும் மாணவர்கள் கையில் இருக்கிறது. இயந்திரம் போய் அதன் பாஷை நின்றது.

*

துண்டு ஏன் இவ்வளவு கஷ்டம்?

இரும்புத் துண்டைத் தூக்கிவைத்தால் அது இரும்புத் துண்டாகவே இருக்கும். எங்கே பிடித்தால் எப்படித் திரும்பும் என்று கணக்குப் போட்டுவிடலாம். துணிக்கு நிலையான உருவம் கிடையாது. ஒரே தறியில் ஒரே நாளில் நெய்த இரண்டு துண்டைக் கூடையில் போட்டுப் பாருங்கள், ஒன்று விழுந்த மாதிரி மற்றது விழாது. எடுக்கும்போதே உருவம் மாறும், முனை ஒளிந்துகொள்ளும்.

ஹான்ஸ் மொராவெக் என்ற ரோபோ ஆய்வாளர் 1988இலேயே இதை எழுதிவிட்டார். பெரியவர்களுக்குக் கடினமாகத் தெரிகிற கணக்கும் சதுரங்கமும் கணினிக்குச் சுலபம். ஒரு வயதுக் குழந்தை செய்கிற பார்ப்பதும் பிடிப்பதும் நடப்பதும்தான் அதற்குக் கடினம். 1997இல் கணினி சதுரங்க உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. அந்த ஆட்டத்தில் காய்களை நகர்த்த, கணினி சார்பில் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

*

கரூர்ப் பக்கம் ஏற்றுமதிக் கம்பெனிகளில் செக்கிங் டேபிளில் நிற்கிற பெண்ணின் கையைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம். துண்டு வலப்பக்கமிருந்து வருகிறது. இரண்டு முனையைப் பிடித்து ஓர் உதறு. அந்த உதறிலேயே அளவு சரியா, கோணல் இருக்கிறதா என்று தெரிந்துவிடுகிறது. கண் கறையையும் இழை அறுந்த இடத்தையும் தேடுகிறது. உள்ளங்கை ஓரத்தையலின் மேல் ஓடுகிறது. தையல் விட்டுப்போன இடத்தில் விரல் தானாக நிற்கிறது, கண் அங்கே வருவது பிறகுதான். தொங்குகிற பிசிறை வெட்டியாகிவிட்டது. டேமேஜ் என்றால் ஒரு பக்கம், நல்ல பீஸ் என்றால் மடிப்பு. மடிக்கும்போது லேபிள் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதைக் கைதான் பார்த்துக்கொள்கிறது, வாய் பக்கத்து டேபிளோடு சீட்டுப் பணம் பேசிக்கொண்டிருக்கிறது.

இத்தனையும் சில நொடிக்குள். கம்பெனிக் கணக்கில் இதற்கு ‘திறன் தேவைப்படாத வேலை’ என்று பெயர்.

*

முதல் தொழிற்சாலை ரோபோ யூனிமேட். ஜார்ஜ் டெவோல் கண்டுபிடித்தது, ஜோசப் எங்கெல்பெர்கர் விற்றது. 1961இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில், அச்சிலிருந்து வெளியே வரும் கொதிக்கிற வார்ப்புகளை எடுத்துவைக்க நிறுத்தினார்கள். மனிதன் செய்யக் கூடாத வேலை. அதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை. 1966இல் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு யூனிமேட்டைக் கொண்டுபோனார்கள். கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளியது, பீர் ஊற்றியது, வாத்தியக் குழுவுக்கு முன் குச்சியை ஆட்டியது. அடுத்து வீட்டுக்கு வந்துவிடும் என்று ஜனங்கள் நம்பினார்கள்.

எங்கெல்பெர்கரும் நம்பினார். பிற்காலத்தில் அவர் செய்த ஹெல்ப்மேட், ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களில் சாப்பாட்டுத் தட்டும் மருந்தும் கொண்டுபோனது. வயதானவர்களுக்கு வீட்டில் ஒத்தாசை செய்யும் ரோபோ அவருடைய கனவு. 2015இல் அவர் காலமாகும் வரை அது வரவில்லை.

*

சர்வதேச ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்கு: 2024இல் உலகத் தொழிற்சாலைகளில் புதிதாக நிறுத்திய ரோபோக்கள் சுமார் 5.42 லட்சம். அதில் பாதிக்கு மேல் சீனாவில். இந்தியாவில் சுமார் 9,100. பெரும் பங்கு காருக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் போகிறது. துணிக்குப் போவது பட்டியலில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

*

சென்னைக்கு மேற்கே, இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை 1998இலிருந்து கார் செய்கிறது. எந்த நவீன கார் ஆலையையும்போல அங்கேயும் வெல்டிங் அடிக்கிற பாடி ஷாப்பில் ரோபோக் கைகள்தான். ஃபைனல் அசெம்பிளிக்கு வந்தால் காட்சி மாறும். அங்கே மனிதர்கள். காரணம் தகரம் முடிந்து வயர், ரப்பர், கார்ப்பெட், சீட்டுத் துணி தொடங்குகிறது. வளைகிற பொருள் வந்ததும் ரோபோ பின்வாங்கிக்கொள்கிறது.

வயர் ஹார்னஸ் என்று ஒன்று உண்டு. காரின் உடம்பு முழுக்க ஓடுகிற வயர்களை ஒரே கொத்தாகக் கட்டிய கூடு. உலகம் முழுக்க இன்னும் பெரும்பாலும் கையால், ஆணியடித்த பலகையின் மேல் வயரை ஓட்டி, டேப் சுற்றிச் செய்வது. 2022இல் ரஷ்யா படையெடுத்தபோது மேற்கு உக்ரைனில் இந்தக் கொத்துகளைக் கட்டிக்கொண்டிருந்த ஆலைகள் நின்றன. சில நாட்களில் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ ஆலைகளில் கார் உற்பத்தி தடைப்பட்டது. அத்தனை ரோபோவும் கை இல்லாமல் காத்திருந்தன.

இதே ஹூண்டாய்தான் 2021இல் பாஸ்டன் டைனமிக்ஸை வாங்கியது, குட்டிக்கரணம் அடிக்கும் அட்லஸ் ரோபோவைச் செய்த நிறுவனம். வேடிக்கை காட்டுவதற்காக வாங்கியிருக்க மாட்டார்கள். ஃபைனல் அசெம்பிளி மேல்தான் கண்.

*

ஈலான் மஸ்க் கதை. மாடல் 3 காருக்கான பேட்டரியின் மேல் கண்ணாடி இழையால் ஆன மெத்தை ஒன்றை ஒட்ட வேண்டும். பஞ்சு மாதிரி. அதை எடுத்துவைக்க ரோபோ நிறுத்தினார்கள். எடுக்கும், தவறவிடும், கோணலாக வைக்கும், லைன் நிற்கும். கடைசியில் விசாரித்தால் அந்த மெத்தையே தேவையில்லை என்று தெரிந்தது. 2018இல் அவரே இதைச் சொல்லி, டெஸ்லாவில் அளவுக்கு மீறி இயந்திரமயமாக்கியது தன் தவறு, மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். பிறகு அவரே மனித உருவ ரோபோ செய்யக் கிளம்பினார். பணக்காரர்களின் ஞானம் கொஞ்ச நாள்தான் நிற்கும்.

*

தையலை ரோபோவிடம் கொடுக்க நடந்த முயற்சிகளில் எனக்குப் பிடித்தது சியாட்டிலைச் சேர்ந்த ஜானதன் ஸோர்னோவுடையது. துணி வளைகிறதுதானே தொந்தரவு? வளையாமல் செய்துவிட்டால்? தண்ணீரில் கரையும் பசையில் துணியை முக்கி அட்டைபோல விறைக்க வைத்தார். சாதாரணத் தொழிற்சாலை ரோபோ அதைத் தூக்கித் தையல் மெஷினுக்குக் கொடுத்து ஒரு டி-சர்ட் தைத்தது. பிறகு வெந்நீரில் அலசினால் பசை போய்விடும். நம் ஊரில் நூல் அறாமலிருக்கப் பாவுக்குக் கஞ்சி போடுகிறார்கள். அவர் ரோபோவுக்காகத் துணிக்கே கஞ்சி போட்டார். அழகான யோசனை. ஆனால் ஒவ்வொரு சட்டையையும் நனைத்து, காயவைத்து, தைத்து, மறுபடி அலசிக் காயவைப்பதற்கு ஆகும் தண்ணீரையும் கரண்டையும் திருப்பூர்க்காரர் ஒருவர் ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுத் தலையை ஆட்டிவிடுவார்.

அடிடாஸ் இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தது. ஜெர்மனியில் அன்ஸ்பாக், அமெரிக்காவில் அட்லாண்டா, இரண்டு ஊரிலும் ரோபோக்கள் நிறைந்த ‘ஸ்பீட்ஃபேக்டரி’. ஆசியாவின் மலிவுக் கூலி இனி தேவைப்படாது, ஷூ செய்யும் வேலை ஐரோப்பாவுக்கே திரும்பிவிடும் என்று பத்திரிகைகள் எழுதின. 2019 நவம்பரில் இரண்டையும் மூடுவதாக அறிவித்தது. அங்கே கற்றதை ஆசியாவிலுள்ள சப்ளையர்களிடம் கொண்டுபோகப் போவதாகவும் சொன்னது.

ஆகவே ஆபத்து இல்லை என்று அர்த்தமா? அப்படி நினைக்கவில்லை. அடுத்த குறிப்பு அதைப் பற்றியது.

*

கரூர். 2025 நவம்பரில் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் இந்த ஊரைப் பற்றி எழுதியது. பஸ் பாடி, கொசுவலை, வீட்டு உபயோகத் துணிகள் என்று பெயர்பெற்ற ஊர். இங்கே நெய்து மடித்த துண்டுகள் உலகெங்கும் குளியலறைகளில் தொங்குகின்றன. பத்திரிகை எழுதியது அந்தத் துண்டுகளைப் பற்றி அல்ல. கணினிகளுக்குப் பாடம் தயாரித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஓர் இளைஞர் நெற்றியில் கேமராவைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் துண்டு மடிக்கிறார். விதிமுறை உண்டு. வலப்பக்கக் கூடையிலிருந்து வலது கையால் மட்டும் எடுக்க வேண்டும். இரண்டு கையாலும் உதறி நேராக்க வேண்டும். மூன்று மடிப்பு. இடப்பக்க மூலையில் வைக்க வேண்டும். ஒரு நிமிடத்தைத் தாண்டினாலோ ஒரு படியை விட்டாலோ முதலிலிருந்து. அப்படி எடுத்த 200 வீடியோக்கள் அமெரிக்காவிலுள்ள வாடிக்கையாளருக்குப் போயின. மனித உருவ ரோபோக்களுக்கு மடிக்கக் கற்றுக்கொடுப்பதற்காக.

பெர்க்லியில் 2010இல் செய்தது வேறு வழி. முனை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சூத்திரத்தை மனிதர்களே உட்கார்ந்து எழுதினார்கள். இப்போது சூத்திரம் எழுதுவதில்லை. ஆயிரக்கணக்கான கைகள் செய்வதைக் காட்டி, இயந்திரமே பிடித்துக்கொள்ளட்டும் என்று விடுகிறார்கள். கணினிகள் மொழியை இப்படித்தான் கற்றுக்கொண்டன. மொழிக்கு இணையத்தில் எழுத்து கொட்டிக் கிடந்தது. கை வேலைக்கு அப்படி ஒரு கிடங்கு இல்லை. யாரும் துண்டு மடிப்பதைத் தன் கண்மட்டத்திலிருந்து படம் எடுத்து இணையத்தில் போட்டு வைக்கவில்லை. ஆகவே காசு கொடுத்து உண்டாக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மலிவான, பழகிய கைகள் உள்ள ஊர் வேண்டும்.

பலன் தெரிகிறது. 2024இல் ஃபிசிகல் இன்டலிஜென்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ரோபோ டிரையரிலிருந்து துணியை எடுத்து மேசைக்குக் கொண்டுவந்து மடித்தது. ஒரு துணிக்கு 25 நிமிடம் ஆகவில்லை.

*

வீடியோ பார்த்துக் கை பழகுமா? பழகாது என்கிறார் ராட்னி புரூக்ஸ். ரூம்பா என்ற தரை கூட்டும் ரோபோவைச் செய்த ஐரோபோட் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், எம்ஐடியில் பல காலம் பேராசிரியர். 2025 செப்டம்பரில் நீளமாக எழுதினார்: கை வேலை கண்ணில் இல்லை, தொடுகையில் இருக்கிறது, அதைப் பதிவு செய்யாமல் எத்தனை வீடியோ சேர்த்தாலும் பயனில்லை. ஸ்வீடன் ஆய்வாளர் ரோலண்ட் யோஹான்சனின் சோதனையைச் சாட்சிக்கு அழைக்கிறார். ஒருவரைத் தீக்குச்சி உரசச் சொல்கிறார்கள். சில நொடியில் பற்றவைத்துவிடுகிறார். பிறகு விரல்நுனியை மட்டும் மரக்கச் செய்து மறுபடி செய்யச் சொல்கிறார்கள். கண் தெரிகிறது, தசை வேலை செய்கிறது. ஆனாலும் குச்சி நழுவுகிறது, பெட்டி தவறுகிறது, ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் ஆகிறது. ஒரு கையின் தோலில் மட்டும் இப்படித் தொடுகையை அறியும் உணர்விகள் சுமார் 17,000.

செக்கிங் டேபிள் பெண்ணின் விரல் தையல் விட்ட இடத்தில் நின்றதே, அது அந்த வீடியோவில் பதிவாகாது. புரூக்ஸ் பக்கமே நான் சாய்கிறேன். ஆனால் ஒன்று: ரோபோ அவ்வளவு நன்றாக மடிக்க வேண்டியதில்லை. சுமாராக மடித்து, இரவு பகல் நின்றால் முதலாளிக்குப் போதும்.

*

ரூம்பா 2002இல் வந்தது. வீட்டு ரோபோக்களில் உண்மையாகவே கோடிக்கணக்கில் விற்றது அந்த வகை ஒன்றுதான். கை கிடையாது, அதனால் பிழைத்தது. ஆனால் நம் வீடுகளில் அதை நிலைப்படி தடுக்கும், தரையை ஈரத்துணி போட்டுத் துடைத்தால்தான் மனசு ஆறும். 2025 டிசம்பரில் ஐரோபோட் திவாலுக்கு விண்ணப்பித்து, தன் இயந்திரங்களைச் செய்து கொடுத்துவந்த சீனத் தயாரிப்பாளர் கைக்குப் போனது.

*

2025 அக்டோபரில் 1எக்ஸ் நிறுவனம் நியோ என்ற வீட்டு ரோபோவுக்கு முன்பதிவு தொடங்கியது. 20,000 டாலர், அல்லது மாதம் 499 டாலர் வாடகை. அதற்குத் தெரியாத வேலை வந்தால், எங்கோ உட்கார்ந்திருக்கும் ஆள் கண்ணில் கருவி மாட்டிக்கொண்டு ரோபோவின் கண் வழியே உங்கள் வீட்டைப் பார்த்துச் செய்து கொடுப்பார். வீட்டுக்காரர் அனுமதித்தால்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவை நம் அடுக்ககங்களில் தனி லிஃப்டில் ஏறச் சொல்கிறார்கள். ரோபோ அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவிடும் போலிருக்கிறது: வேலை வீட்டுக்குள், ஆள் வீட்டுக்கு வெளியே, தேசத்துக்கே வெளியே.

இது கற்பனை இல்லை. ஜப்பானில் ஃபேமிலிமார்ட் கடைகளில் குளிர்பானப் புட்டிகளை அடுக்கும் ரோபோக்கள் தடுமாறினால் கை கொடுப்பவர்கள் பிலிப்பைன்ஸின் மணிலாவில் இருக்கிறார்கள். ஜப்பானுக்கு வேண்டியது உழைப்பு. விசா கொடுப்பது அதற்கு இஷ்டமில்லை.

அதே தொழில்நுட்பம், அதே ஜப்பான், வேறு முகம்: டோக்கியோவின் நிஹோன்பாஷியில் 2021இலிருந்து ஒரு நிரந்தரக் கஃபே நடக்கிறது. பரிமாறும் சின்ன வெள்ளை ரோபோக்களை இயக்குபவர்கள் படுக்கையைவிட்டோ வீட்டைவிட்டோ எழுந்து வர முடியாதவர்கள். தசை செயலிழக்கும் நோய் வந்தவர்கள் கண் அசைவால் ரோபோவை ஓட்டி, விருந்தினரிடம் பேசி, சம்பளம் வாங்குகிறார்கள். அங்கே வருகிறவர்கள் ரோபோவை ஓட்டுபவரின் பேரைத் தெரிந்துகொண்டு போகிறார்கள். மணிலாக்காரரின் பேர் யாருக்கும் தெரியாது.

*

சோனி 1999இல் ஐபோ என்ற நாய் ரோபோவை விற்றது. ஜப்பானில் முதல் 3,000 நாய்கள் 20 நிமிடத்தில் தீர்ந்தன. 2006இல் தயாரிப்பை நிறுத்தியது, 2014இல் ரிப்பேரையும். அதற்குப் பிறகு சீபா மாகாணத்தில் கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயிலில் பழுதான ஐபோக்களுக்கு ஊதுபத்தி ஏற்றி மந்திரம் ஓதி ஈமக்கடன் செய்தார்கள். பிறகு பாகங்களைக் கழற்றி உயிரோடிருக்கும் ஐபோக்களுக்குப் பொருத்தினார்கள். ஒரு வேலையும் செய்யாத ரோபோவுக்குக் கிடைத்த மரியாதை.

*

பாதாளச் சாக்கடை. இங்கே ரோபோ வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? மனிதரை மலக்குழிக்குள் இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. சாவுச் செய்தி நிற்கவில்லை. பொறியியல் படித்து முடித்த கேரள இளைஞர்கள் பாண்டிகூட் என்ற ரோபோவைச் செய்து 2018இல் திருவனந்தபுரத்தில் இறக்கினார்கள். ஆள்நுழைவுக் குழிக்குள் நான்கு காலை ஊன்றி, வாளியால் அள்ளி மேலே கொண்டுவரும். சென்னை ஐஐடியில் ஹோமோசெப் என்ற இயந்திரம் செப்டிக் டேங்க்குக்காக வந்தது. குழிக்குள் விட்டதும் குடைபோல விரியும் கத்திகள், இறுகிப்போன கசடைக் கலக்கிக் கூழாக்கும், பிறகு உறிஞ்சிவிடலாம். 2022இல் முதல் இரண்டு இயந்திரங்கள் சுய உதவிக் குழுக்களுக்குப் போயின. அந்தக் குழுக்களை நடத்தும் இரண்டு பெண்களும் இந்த வேலையில் கணவனைப் பறிகொடுத்தவர்கள்.

கலிபோர்னியாவில் துணி மடிக்கிற ரோபோவுக்குக் கொட்டுகிற முதலீட்டில் ஒரு துளி இந்தப் பக்கம் வந்திருந்தால்! ரோபோ வலி இருக்கிற இடத்துக்கு வருவதில்லை, வாங்குகிறவர் இருக்கிற இடத்துக்கு வருகிறது. மலக்குழிக்கு வாங்குகிறவர் நகராட்சி. அதற்கு ஆள் இன்னும் மலிவாகக் கிடைக்கிறார்.

*

கூலி விஷயம். திருப்பூரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் போடுகிறார்கள். கட்டிங், டெய்லர், அயர்னிங், பேக்கிங், செக்கிங், கைமடி என்று வேலை வேலையாக வரி போட்டு ரேட் எழுதுகிறார்கள். மடித்த பீஸுக்குக் கூலி வாங்கினால் கணக்கு அங்கே முடிந்தது. அந்தத் துண்டு ஒருமுறை விற்கும். மடிப்பதைப் படமெடுத்துக் கொடுத்தால் அந்த ஒரே படம் எத்தனை ரோபோவுக்குள் போகும், எத்தனை ஆண்டு ஓடும் என்பதற்கு அளவில்லை. இரண்டுக்கும் கூலி ஒரே மாதிரி இருக்க முடியாது.

ஹாலிவுட் நடிகர்கள் 2023இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து இதே மாதிரி ஒன்றை வாங்கினார்கள்: சம்மதம் இல்லாமல், சம்பளம் இல்லாமல் தங்கள் முகத்தையும் குரலையும் கணினி நகலாக்கக் கூடாது. கைக்கும் அப்படி ஒரு ஷரத்து எழுதலாம். எந்த வேலைக்காகப் படம் எடுக்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், மறுபடி விற்றால் மடித்தவருக்கு என்ன. இந்த மூன்றும் அதில் இருந்தால் போதும். அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் கைமடிக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்று நமது தொழிற்சங்கத்துக்காரர்கள் யாரையாவது பார்த்தால் சொல்ல வேண்டும்.